இன்னொரு கடிதம் எழுதுங்கள்

தமிழ்நாடு அரசின் தலைமைச் செயலாளர் அவர்களுக்கு,

வணக்கம். நான் பறை அடிக்கிறவள். திண்டுக்கல் மாவட்டம். ஊர்ப் பெயரைச் சொல்லவில்லை, ஏனென்றால் நான் சொல்லப்போவது எங்கள் ஊரில் மட்டும் நடக்கிற விஷயம் இல்லை, அப்புறம் என் தம்பி இன்னும் அந்த ஊரில்தான் குடியிருக்கிறான்.

2022 ஆகஸ்டில் உங்கள் பொறுப்பில் இருந்த இறையன்பு அவர்கள் மாவட்ட ஆட்சியர்களுக்கு ஒரு கடிதம் எழுதினார். தண்டோரா போடுகிற வழக்கம் இனி வேண்டாம், அறிவிப்பு செய்ய வேண்டுமானால் வண்டியில் ஒலிபெருக்கி கட்டிச் சொல்லிக்கொள்ளட்டும், மீறுகிறவர்கள் மீது நடவடிக்கை எடுங்கள் என்று. புதிதாகச் சட்டம் எதுவும் போடவில்லை. ஒரு கடிதம், அவ்வளவுதான். எங்கள் ஊராட்சியில் தப்பை (பறைக்கு இன்னொரு பெயர்) தோளில் மாட்டிக்கொண்டு தெருத்தெருவாக "இதனால் சகலமானவருக்கும்" என்று கத்திக்கொண்டு போன பெரியவர் அதோடு நின்றார். இப்போது ஆட்டோவில் பதிவு செய்த குரல் போகிறது. பெரியவருக்கு அதில் வந்துகொண்டிருந்த சில்லறை நின்றுபோனது, அதற்கு யாரும் மாற்று சொல்லவில்லை, அது ஒரு குறைதான். ஆனாலும் ஒரு கடிதத்தால் ஊரில் ஒரு பழக்கம் நிற்கும் என்பதைக் கண்ணால் பார்த்துவிட்டோம்.

அதே மாதிரி இன்னொரு கடிதம் கேட்டுத்தான் இதை எழுதுகிறேன். சாவுக்கோ சாமி கும்பிடுக்கோ பறை அடிக்க வரச்சொல்லி ஊர் யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது, வரமுடியாது என்று சொன்ன குடும்பத்தை ஒதுக்கக் கூடாது, அப்படிச் செய்தால் அது குற்றம் என்று.

"இன்னுமா அப்படியெல்லாம் நடக்குது?" என்று நகரத்தில் இருக்கிற நண்பர்கள் கேட்பார்கள். கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன்.

எங்கள் பக்கம் ஊர்த்தெருவில் ஒருவர் இறந்துபோனால் காலனிக்கு ஆள் வரும். கேதம் (சாவுச் சேதி) சொல்லப் போக, குழி வெட்ட, கொட்டு அடிக்க என்று ஆட்களைச் சொல்லிவிட்டுப் போவார்கள். முடியுமா என்று கேட்பது கிடையாது. அந்த நேரத்தில் நீங்கள் காய்ச்சலில் படுத்திருக்கலாம், திருப்பூருக்கு வேலைக்குப் போக பஸ் ஸ்டாண்டில் நிற்கலாம், உங்கள் வீட்டிலேயே பிள்ளைக்குக் காதுகுத்து வைத்திருக்கலாம், எதுவானாலும் போக வேண்டும். பந்தலுக்கு வெளியே வெயிலில் ஒரு ஓரமாக வைக்கோலைக் கொளுத்திப் பறையைக் காய்ச்சிக்கொண்டு உட்கார வேண்டும். சொந்தக்காரர்கள் மாலையோடு வந்து இறங்கும்போதெல்லாம் தெருமுனை வரை போய் அடித்து அழைத்துக்கொண்டு வர வேண்டும். மகன் வெளிநாட்டிலிருந்து வரத் தாமதமானால் மறுநாள் வரைக்கும் இதே வேலை. சாப்பாடு எல்லோரும் சாப்பிட்ட பிறகு, கொல்லைப்பக்கம். கூலியைப் பேசுவது என்ற பழக்கமே இல்லை, கொடுப்பதை வாங்கிக்கொள்ள வேண்டும், அதிலும் குவார்ட்டருக்குப் பிடித்தது போக மீதி. கொட்டு அடிக்கிறவன் எல்லாம் குடிகாரன் என்று ஊர் சொல்லும். காலை பத்து மணிக்கே பாட்டிலைக் கையில் கொடுத்து உட்கார வைத்தது யார் என்று ஊர் சொல்லாது.

என் அப்பாவைப் பள்ளிக்கூடம் போகிற பையன் பெயர் சொல்லிக் கூப்பிடுவான். அப்பா "சொல்லுங்க சாமி" என்பார்.

அந்த மனிதர் எப்பேர்ப்பட்ட வாத்தியக்காரர் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டும். சாமிச்சாட்டு அடி, சப்பரத்து அடி, மருள் அடி, மாரடிப்பு அடி, ஒத்தையடி, டப்பா அடி என்று பறையின் தாள வகை அத்தனையும் அவர் கையில் இருந்தது. ஒன்றையும் எழுதி வைத்துப் படித்தவர் இல்லை. வேப்பங்கட்டையைச் செதுக்கி வட்டம் பிடிப்பதிலிருந்து, புளியங்கொட்டையை வறுத்து ஊறவைத்து அரைத்துப் பசை காய்ச்சி, தோலை இழுத்து ஒட்டி, நிழலில் காயவைப்பது வரை தானே செய்வார். அடிக்குப் போகும் முன்னால் பறையைத் தீயில் காட்டித் திருப்பித் திருப்பிக் காய்ச்சும்போது நடுவில் விரலால் ஒரு சுண்டு சுண்டிக் காதுக்குப் பக்கத்தில் வைத்துக் கேட்பார். போதாது என்றால் மறுபடியும் தீ. எங்களுக்கு ஒரே சத்தமாகத்தான் கேட்கும், அவருக்கு மட்டும் அதில் என்னவோ தெரியும். இடது கையில் மூங்கில் சிம்புக் குச்சி, வலது கையில் பூவரசில் செதுக்கிய அடிக்குச்சி. தோல் பறையை ஒருவர் காய்ச்சுகிறாரா கருக்குகிறாரா என்பதைப் புகை வாசத்தை வைத்தே திண்ணையில் இருந்தபடி சொல்லிவிடுவார்.

மாரியம்மன் திருவிழாவில் அப்பா மருள் அடியை எடுத்தால்தான் சாமியாடிக்கு அருள் இறங்கும். வேறு யார் அடித்தாலும் நேரமாகும், கூட்டத்தில் முணுமுணுப்பு வரும், கடைசியில் அப்பாவைத்தான் முன்னால் வரச் சொல்வார்கள். சாமி வந்து எல்லோருக்கும் நெற்றியில் திருநீறு பூசும். அப்பாவுக்கு மட்டும் எட்ட நின்று தூவும். வரவழைத்தவனைத் தொட முடியாத சாமி.

நான் பறை கற்றுக்கொள்ள ஆசைப்பட்டபோது அப்பாவுக்கு வந்த கோபம் சொல்லி மாளாது. "என்னோட ஒழியட்டும்னு நெனச்சேன், நீ எதுக்குடி இந்தச் சனியனைத் தூக்குற?" என்றார். திண்டுக்கல்லில் 1990இல் தொடங்கிய சக்தி கலைக்குழுவில் எங்களைப் போன்ற வீட்டுப் பெண்கள் பறையை மாட்டிக்கொண்டு நிமிர்ந்து நின்று ஆடியதைப் பார்த்துத்தான் எனக்கு அந்த ஆசை வந்தது. அதுவரைக்கும் பொம்பளை பறையைத் தொட்டு நான் பார்த்ததில்லை. அப்பா பார்த்தது வேறு. 80களிலும் 90களிலும் பல ஊர்களில் இனி அடிக்க மாட்டோம் என்று முடிவெடுத்துப் பறையைக் கொளுத்தியவர்கள் உண்டு, அந்தப் பக்கம்தான் அவர் மனசு. அம்பேத்கர் படம் மாட்டியிருக்கிற வீட்டில் இது எதற்கு என்பார்.

இந்தச் சண்டை எங்கள் வீட்டில் மட்டும் இல்லை, எங்கள் ஆட்கள் நடுவே இன்றைக்கும் ஓய்ந்தபாடில்லை. ஒரு பக்கம், இது அடிமை வேலையின் அடையாளம், தூக்கிப் போடு என்பார்கள். இன்னொரு பக்கம், இது எங்கள் இசை, எங்களிடமிருந்து பிடுங்கிக் கேவலப்படுத்தினார்கள், நிமிர்ந்து நின்று அடிப்போம் என்பார்கள். நான் இரண்டாவது பக்கம். ஆனால் அப்பாவோடு பல வருடம் மல்லுக்கட்டியதில் எனக்கு ஒன்று புரிந்தது. அவர் அடிக்க மாட்டேன் என்றார், நான் அடிப்பேன் என்றேன், இரண்டு பேருமே கேட்டது ஒன்றைத்தான். முடிவை நாங்கள் எடுக்க வேண்டும், ஊர் எடுக்கக் கூடாது.

அப்பா ஊரிடம் வரமாட்டேன் என்று சொன்ன நாளைப் பற்றிச் சொல்கிறேன். அவருக்குக் கண்ணில் புரை அறுவை செய்திருந்தது. புகை ஆகாது என்று டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தார். ஊர்த்தெருவில் ஒரு பெரிய வீட்டில் சாவு. ஆள் வந்தது. "கண்ணு ஆபரேசன் பண்ணிருக்கு சாமி, புகையில நிக்க முடியாது" என்றார். "அப்ப உன் மகன அனுப்பு" என்றார்கள். தம்பிக்கு அப்போது பிளஸ் டூ பரீட்சை நடந்துகொண்டிருந்தது. அப்பா கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, "அவன் வரமாட்டான்" என்றார். "முடியாது" என்றோ "பரீட்சை இருக்கு" என்றோ சொல்லியிருந்தால்கூட விட்டிருப்பார்களோ என்னவோ. "வரமாட்டான்" என்ற அந்த வார்த்தைதான் அவர்களுக்குப் பொறுக்கவில்லை.

அப்புறம் நடந்ததை நீட்ட வேண்டாம். மளிகைக் கடையில் சாமான் இல்லை என்றார்கள், சாமான் கண் முன்னால் அடுக்கி இருக்கும். அம்மாவைக் களை எடுக்க யாரும் கூப்பிடவில்லை. எங்கள் ஆடு மேய்கிற கரை திடீரென்று யாருக்கோ சொந்தமானது. ஊர்க்கூட்டத்தில் அபராதம் கட்டிக் காலில் விழுந்தால் போதும் என்று பெரிய மனசு பண்ணினார்கள். அப்பா போகவில்லை. காவல் நிலையத்துக்குப் போனோம். "ஒரே ஊர்ல இருக்கப் போறீங்க, அனுசரிச்சுப் போங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். மனுவை வாங்கிக்கொண்டதற்கு ரசீது கேட்டபோது அங்கே இருந்தவர் முகத்தில் தெரிந்த ஆச்சரியம் இன்னும் ஞாபகம் இருக்கிறது.

அதற்கடுத்து ஊரில் விழுந்த சாவுக்கு என்ன செய்தார்கள் தெரியுமா? கேரளாவிலிருந்து செண்டை மேளம் இறக்கினார்கள். முன்பணம் கொடுத்து, தொகை பேசி, வேன் வைத்துக் கூட்டி வந்தார்கள். உட்கார நாற்காலி, குடிக்கத் தண்ணீர் பாட்டில், பந்தலுக்கு உள்ளே இலை போட்டுச் சாப்பாடு. எங்கள் தெருவிலிருந்து எல்லோரும் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தோம். எனக்கு அன்றைக்கு ஆத்திரத்தைவிடத் தெளிவுதான் வந்தது. ஒரு வாத்தியக்காரரை எப்படி நடத்த வேண்டும் என்பது ஊருக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது. யாரும் போய் விழிப்புணர்வு வகுப்பு எடுக்க வேண்டிய அவசியம் இல்லை. செண்டைக்காரர் வரமாட்டேன் என்று சொல்லலாம், அந்த நாளுக்கு வேறு ஊரில் ஒத்துக்கொண்டேன் என்று சொல்லலாம், தொகை காணாது என்று வைத்துவிடலாம். அதனால் அவரிடம் கேட்கிறார்கள். எங்களிடம் கேட்பதில்லை.

ஆகவே எங்களுக்கு மரியாதை கொடுங்கள் என்று நான் உங்களிடம் மன்றாடவில்லை. மேடையில் வேண்டிய மரியாதை கிடைக்கிறது, சில சமயம் திகட்டத் திகட்டக் கிடைக்கிறது. தொல்காப்பியத்தில் கருப்பொருளில் பறை வருகிறது என்று தொடங்கி அரை மணி நேரம் பேசிவிட்டு எங்களுக்குப் பத்து நிமிடம் ஒதுக்குவார்கள். ஒரு கல்லூரி விழாவில் தோல் காய்ச்ச மைதானத்து ஓரமாகக் கொஞ்சம் வைக்கோல் கொளுத்தினோம், புகை வருகிறது என்று தண்ணீரை ஊற்றி அணைத்துவிட்டு, பிறகு மேடையில் "ஆதி இசை" என்று அறிமுகம் செய்தார்கள். தொய்ந்த தோலில் ஆதி இசை எப்படிக் கேட்கும்? இந்தத் தொந்தரவுக்காகத்தான் இப்போது பாதிப் பேர் பைபர் பறைக்கு மாறிவிட்டார்கள். காய்ச்ச வேண்டாம், மழைக்குத் தொய்யாது, மாட்டுத்தோல் என்று முகம் சுளிக்கவும் மாட்டார்கள். வசதிதான், எங்கள் குழுவிலும் இருக்கிறது. என்னவோ எனக்கு அதில் கை ஒட்டவில்லை.

2007இல் சென்னை சங்கமம் கலைவிழா தொடங்கியபோது எங்கள் மாதிரிக் குழுக்களுக்குப் பெரிய மேடைகள் திறந்தன, 2023இல் அது மறுபடியும் தொடங்கியதும் மகிழ்ச்சி. அதே 2007இல் நாட்டுப்புறக் கலைஞர்களுக்கு நல வாரியமும் வந்தது. 2025இல் அலங்காநல்லூர் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ அறிவித்தபோது எங்கள் காலனியில் வெடி போட்டோம். ஜல்லிக்கட்டுக்கு மட்டும் பெயர்போன ஊர் என்று நினைத்தவர்களுக்கு, அங்கே பறையையே வாழ்க்கையாக வைத்துக்கொண்டு ஊர் ஊராகப் போய்ப் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுத்த ஒருவர் இருக்கிறார் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. "ஆசான்" என்ற சொல்லோடு ஒரு பறையடிப்பவர் பெயர் டெல்லிப் பட்டியலில் வந்தது சின்ன விஷயம் இல்லை. அப்பா இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று யோசித்தேன். சந்தோஷப்பட்டிருப்பார், அப்புறம் "அந்தாளு ஊர்ல சாவு விழுந்தா அவர இப்பவும் கூப்பிடுவாங்களா?" என்று கேட்டிருப்பார். அலங்காநல்லூரைப் பற்றிச் சொல்லவில்லை, எந்த ஊரானாலும் அவருக்கு முதலில் தோன்றுகிற கேள்வி அதுதான்.

மேடைக்கும் ஊருக்கும் நடுவில் இருக்கிற தூரத்துக்கு இன்னொரு உதாரணம். 2023 மே மாதம் ஒரு கல்லூரி மாணவி பறையோடு திருநெல்வேலியில் அரசுப் பேருந்தில் ஏறினார். கருவியைப் பார்த்துவிட்டு நடத்துநர் அவரை வண்ணாரப்பேட்டையில் இறக்கிவிட்டார். செய்தி வந்தது, நடத்துநரைப் பணியிடை நீக்கம் செய்தார்கள். அந்தப் பெண் படித்தவர், விஷயத்தை வெளியே கொண்டுவந்தார், நடவடிக்கையும் வந்தது. பஸ்ஸில் இறக்கிவிட்டால் இவ்வளவு நடக்கும் என்றால், வீட்டு வாசலில் வந்து "உன் மகன அனுப்பு" என்று சொல்கிறவருக்கு ஏன் ஒன்றும் நடப்பதில்லை?

சட்டம் இல்லாமலா? இருக்கிறது. தீண்டாமையை ஒழித்த 17ஆவது உறுப்பும், கட்டாய வேலையைத் தடை செய்த 23ஆவது உறுப்பும் அரசியல் சட்டத்தில் முதல் நாளிலிருந்தே இருக்கின்றன. 1955ஆம் வருடத்துக் குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தில், செத்த மாட்டை அகற்ற வைப்பது, தோல் உரிக்க வைப்பது, அது போன்ற பிற வேலைகளைச் செய்யக் கட்டாயப்படுத்துவது தீண்டாமைக் குற்றம் என்று 1976லேயே சேர்த்துவிட்டார்கள். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015இல் கொண்டுவந்த திருத்தம் 2016 ஜனவரி 26 முதல் நடப்பில் இருக்கிறது. பிணத்தைத் தூக்க வைப்பது, குழி வெட்ட வைப்பது, சமூகப் புறக்கணிப்பு, பொருளாதாரப் புறக்கணிப்பு எல்லாம் அதில் குற்றம். ஆனால் பறை அடிக்க வைப்பது என்று பெயர் சொல்லி ஒரு வரி கிடையாது. கட்டாய வேலை என்ற பிரிவுக்குள் அது தாராளமாக வரும், வக்கீல்களுக்கு அது தெரியும். எங்கள் ஊர் ஏட்டய்யாவுக்குத் தெரியாது, அல்லது தெரிய வேண்டிய அவசியம் இதுவரை வரவில்லை. குழி வெட்டச் சொன்னால் குற்றம், குழிக்குப் பக்கத்தில் நின்று அடிக்கச் சொன்னால் பண்பாடு என்று அவர் நினைத்துக்கொண்டிருக்கிறார். உங்கள் கடிதம் அவர் மேசைக்குத்தான் முதலில் போக வேண்டும்.

தண்டோராவைத் தடை செய்த கடிதம் வருவதற்கு 20 வருடம் முன்னால் திண்ணியத்தில் நடந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். திருச்சி மாவட்டம், லால்குடி வட்டம், 2002 மே மாதம். ஊருக்குத் தப்படித்துக்கொண்டிருந்த ஒருவர், தொகுப்பு வீட்டுக்காகத் தான் கொடுத்த பணம் திரும்பி வரவில்லை என்று அதே தப்பை அடித்து ஊரறியச் சொன்னார். அதற்குத் தண்டனையாக அவருக்குத் துணை நின்ற இருவருக்குச் சூடு போட்டு, ஒருவர் வாயில் ஒருவர் மலத்தைத் திணிக்க வைத்தார்கள். அந்தத் தப்பு அத்தனை வருடமும் அந்த ஊருக்குச் சேதி சொல்லியிருக்கிறது. யாருக்கும் கோபம் வரவில்லை. தன் சேதியை அவர் ஒரே ஒரு தடவை சொன்னார். ஊருக்குப் பறையிடம் எந்த வெறுப்பும் கிடையாது என்று நான் சொல்வது இதனால்தான். யாருக்காக அடிப்பது, எப்போது அடிப்பது என்று அடிக்கிறவர் முடிவு செய்தால்தான் அவர்களுக்குத் தாங்காது.

"எங்க ஊர்ல யாரும் கட்டாயப்படுத்துறதில்ல, அவங்களா விரும்பித்தான் வர்றாங்க, காலங்காலமா வர்ற உறவு" என்று சிலர் சொல்வார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை, உண்மையாகவே அப்படித்தான் நம்புகிறார்கள். ஒரே ஒரு முறை ஒருவர் வரமாட்டேன் என்று சொல்லட்டும், பிறகு ஒரு மாதம் கழித்து அந்த வீட்டுக்குப் போய்ப் பாருங்கள், விருப்பமா கட்டாயமா என்று தெரிந்துவிடும். அடித்துக் கட்டி வைப்பது மட்டும்தான் கட்டாயமா? நாளைக்குக் களை எடுக்கக் கூப்பிடுகிறவரும், கைமாத்து கொடுக்கிறவரும், தண்ணீர்ப் பாதையைத் திறந்து விடுகிறவரும் ஒரே ஆளாக இருந்தால் அவர் குரலை உயர்த்திப் பேச வேண்டிய தேவையே இல்லை.

நாங்கள் எப்படித் தப்பித்தோம் என்று கேட்கிறீர்களா? பெரிய கதை எல்லாம் இல்லை. அம்மா பக்கத்து ஊர் மில்லுக்குப் போனார். தம்பி பரீட்சை எழுதினான், தேறினான். காலனியில் நாலு வீட்டுக்காரர்கள் சேர்ந்து வாரச் சந்தையில் எல்லோருக்குமாக மொத்தமாக மளிகை வாங்கி வந்தார்கள். அப்பாவோடு அடித்துக்கொண்டிருந்த மற்றவர்களும் ஒவ்வொருவராக ஏதாவது காரணம் சொல்லி நின்றார்கள், ஒருவருக்கு முதுகு வலி, ஒருவர் கரூருக்கு வேலைக்குப் போய்விட்டார். அடுத்த வருடத்துக்குள் ஊர்த்தெருவிலும் பிசுபிசுத்துவிட்டது, எல்லோருக்கும் செண்டை மேளத்துக்கு வசதி உண்டா என்ன. கடையில் மறுபடியும் சாமான் கொடுத்தார்கள். யாரும் யாரிடமும் மன்னிப்புக் கேட்கவில்லை.

இதில் நான் எதிர்பார்க்காதது ஒன்று நடந்தது. ஊருக்கு அடிப்பதை விட்ட பிறகுதான் அப்பா எனக்குச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தார். ஒருநாள் நானும் என் தோழிகளும் பள்ளிக்கூட மைதானத்தில் பயிற்சி செய்துகொண்டிருந்தோம், தூரத்தில் வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தவர் தாங்க முடியாமல் எழுந்து வந்து, "அடியாடி இது, தகரத்தைத் தட்டுற மாதிரி" என்று என் கையிலிருந்து குச்சியைப் பிடுங்கினார். அன்றைக்கு இருட்டும் வரை விடவில்லை. மருள் அடியில் வலது கை எங்கே தாமதிக்க வேண்டும், எங்கே தாமதிப்பது போலக் காட்டிவிட்டு முந்த வேண்டும் என்பதை அவர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். பிறகு எங்களோடு கல்லூரிகளுக்கு வந்தார். பொறியியல் படிக்கிற பிள்ளைகள் "ஆசான், ஆசான்" என்று சுற்றி நிற்பார்கள், இவருக்கு வெட்கமாக இருக்கும், ஆனாலும் அடுத்த நிகழ்ச்சி எப்போது என்று என்னிடம்தான் முதலில் கேட்பார். சாவுக்கும் அடித்தார், எங்கள் தெருவில் எங்கள் ஆட்கள் இறந்தபோது. யாரும் கூப்பிடாமல் தானாகப் போய் அடித்தார். அவர் இறந்தபோது நாங்கள் பெண்கள் அடித்தோம்.

இப்போது கடிதத்துக்கு வருகிறேன். அதில் என்ன இருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுவதைச் சொல்லிவிடுகிறேன், நல்ல அரசாங்கத் தமிழில் நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள்.

தயவுசெய்து பறையைத் தடை செய்துவிடாதீர்கள். "இறுதி ஊர்வலத்தில் பறை அடிக்கக் கூடாது" என்று யாராவது ஒரு அதிகாரி எளிதாக எழுதிவிடுவார், அப்போது நாங்கள் எங்கள் அப்பாவுக்கு அடித்ததும் குற்றமாகிவிடும். கட்டாயத்துக்குத்தான் தடை. விரும்பி வருகிறவர் வரட்டும், தொகை முன்னாலேயே பேசி, செண்டை மேளத்துக்கு என்ன மரியாதையோ அதே மரியாதையோடு வரட்டும். வரமாட்டேன் என்று சொன்னவர் வீட்டுக்கு ஊர்க்கட்டுப்பாடு, அபராதம், கடையில் சாமான் மறுப்பு என்று எதுவும் வந்தால் அது எந்தச் சட்டத்தில் எந்தப் பிரிவில் குற்றம் என்று எண்ணோடு எழுதுங்கள், ஏட்டய்யா தேட வேண்டாம். மனு கொடுத்தால் அன்றைக்கே ரசீது. "அனுசரிச்சுப் போங்க" என்று சமாதானம் பேசுவது காவல் நிலையத்தின் வேலை இல்லை என்பதையும் ஒரு வரி சேர்த்துவிடுங்கள், அந்த வரி எங்களுக்கு ரொம்ப உதவும்.

தண்டோராவை நிறுத்தியபோது விட்டுப்போனதை இதில் விட வேண்டாம். அடிப்பதை விட்டவருக்குப் பிழைப்பு வேண்டும். மாவட்ட அரசு இசைப்பள்ளிகளில் குரலிசை, நாதசுரம், தவில், தேவாரம், பரதநாட்டியம், வயலின், மிருதங்கம் என்று ஏழு பாடம் வழக்கமாக இருக்கிறது. நாதசுரமும் தவிலும் இருக்கும் இடத்தில் பறைக்கும் முழுநேர ஆசிரியர் ஒருவர் இருக்கட்டும். அந்த வேலைக்குப் பட்டம் கேட்காதீர்கள், சப்பரத்து அடிக்கும் மருள் அடிக்கும் வித்தியாசம் அடித்துக் காட்டச் சொல்லுங்கள், போதும். அறுபது வயதில் கையில் அத்தனை அடியையும் வைத்துக்கொண்டு நூறு நாள் வேலைக்குப் போகிற ஆட்கள் எங்கள் காலனியிலேயே இருக்கிறார்கள்.

கடிதம் ஆட்சியர் அலுவலகத்தோடு நின்றுவிடக் கூடாது. கிராம சபையில் வாசிக்கச் சொல்லுங்கள், ஊர்த்தெருவும் காலனியும் ஒரே இடத்தில் உட்கார்ந்து கேட்கட்டும். ஜனவரி 26 கிராம சபைக்கு முன்னால் அனுப்பினால் நல்லது. அன்றைக்கு எங்கள் குழுவை இரண்டு இடத்தில் நிகழ்ச்சிக்குக் கூப்பிட்டார்கள், வரமுடியாது என்று சொல்லிவிட்டேன். தம்பியோடு ஊருக்குப் போய் முன்வரிசையில் உட்காரப் போகிறோம்.

இப்படிக்கு,
பறையிசைக் கலைஞர் ஒருவர்,
திண்டுக்கல் மாவட்டம்.